போனுக்குத் துடக்கில்லை

1

நேற்றுக் காலை ஹொல்ம்லியா நிலையத்தில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது குணம் சுவிஸிலிருந்து தொலைபேசி எடுத்தான். ஜூலை நடுவில் அவனும் சாந்தியும் ஒஸ்லோவுக்கு வருகிறார்களாம். ரிக்கற் போட்டாயிற்றாம்.

"உன்ர வீட்டிலதான் நிப்பம். ஹொட்டேல் எண்டு கதைச்சியோ, எயார்போட்டிலயிருந்தே திரும்பிடுவன்" என்றான். பிறகு, "பிள்ளையின்ர வீட்டையும் ஒரு நாள் போகவேணும். அவவுக்கும் மருமகனுக்கும் சாந்தி உடுப்பு எடுத்து வைச்சிருக்கிறா. மருமகன்ர சேட் அளவு தெரியேல்லை. கேட்டுச் சொல்லு" என்றான்.

"ஓம், ஓம்" என்றேன்.

மருமகனின் சேட் அளவு எனக்குத் தெரியாது. அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்பதே தெரியாது. என் மகள் தர்சிகாவும் அவரும் பிரிந்து ஐந்து வருஷமாகிறது. இது குணத்துக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருப்பவன் நான்தான். போன வருஷம் அவன் வீட்டு மேசையில் இருந்துகொண்டு, பிள்ளை நல்லாயிருக்கிறாள் என்று வாய் கூசாமல் சொன்னவன் நான்.

ரயில் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் போனது. பஸ் ஓட்டுகிறவன் வேலைக்குப் பிந்தக் கூடாது. இருபத்தாறு வருஷத்தில் மூன்று தரம்தான் பிந்தியிருக்கிறேன். நேற்று நாலாவது தரம்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு, இதெல்லாம் ஒரு விஷயமா என்று இருக்கும். உங்களுக்குச் சிநேகிதர் ஒழுங்கைக்கு ஒருவர் இருப்பார்கள். எங்களுக்கு இங்கே விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். அதில் ஒருவனை எட்டு வருஷம் தொலைத்துவிட்டு, ஒரு பொய்யைச் சொல்லித் திரும்ப எடுத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் போய்விடுவான். சொல்லாவிட்டால் ஜூலையில் தானாகத் தெரியவரும். என்ன செய்வதென்று தெரியாமல்தான் இதை எழுதத் தொடங்கினேன். எழுதினால் புத்தி தெளியும் என்று ஒரு நப்பாசை.

2

குணத்தை எனக்குப் பாட்ஸ்பியோர்ட்டிலிருந்தே தெரியும். நோர்வேயின் வடகோடியில் இருக்கும் மீன்பிடி ஊர். எண்பதுகளின் கடைசியில் நாங்கள் நாலு பேர் அங்கே மீன் பக்டரியில் வேலை செய்தோம்: குணம், சிவா, மரியதாஸ், நான். நாலு பேருக்கும் ஒரே அறை, இரண்டு தட்டுக் கட்டில். காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் ஓடும் இயந்திரப் பட்டியில் வந்துகொண்டேயிருக்கும் மீனை முள்ளெடுத்துச் சீவ வேண்டும். நவம்பர் கடைசியில் சூரியன் போனால் ஜனவரியில்தான் திரும்ப முகம் காட்டும்.

அப்படி ஒரு டிசம்பரில் எனக்கு வீட்டிலிருந்து கடிதம் வந்தது. அப்பா காலமாகிவிட்டார். ஊரில் சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் கடிதம் சுற்றி வளைத்து வந்து சேர்ந்தபோது அவர் போய் நாற்பத்தொரு நாள். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து, ஊரில் எல்லோரும் அழுது ஓய்ந்துபோயிருந்தார்கள். நான் அப்போதுதான் தொடங்க வேண்டும்.

குணம் நேரே போர்மனிடம் போய், "எங்கட அப்பா செத்துப்போனார். எனக்கும் தம்பிக்கும் லீவு வேணும்" என்றான். குணம் எனக்கு ஒரு சொந்தமும் இல்லை. அவன் வேறு ஊர், நான் வேறு ஊர். போர்மன் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு, அண்ணன் தம்பிக்கு ஏன் வேறு வேறு குடும்பப் பெயர் என்று கேட்டார். "எங்கட நாட்டில அப்பிடித்தான்" என்று குணம் கண் இமைக்காமல் சொன்னான். எங்கள் பெயர்களை அந்த மனிதர் ஒரு நாளும் விளங்கிக்கொண்டதில்லை. அதனால் இதையும் நம்பி இரண்டு நாள் லீவு தந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. "நாப்பத்தொரு நாள் பிந்தி அழுறதில என்ன இருக்கு?" என்று கேட்டேன். குணம் சொன்னான்: "செய்தி வந்த நாள்தான்ரா உனக்குச் செத்த நாள். இண்டையிலயிருந்து எண்ணுவம்."

எண்ணினான். எட்டாம் நாள் வேலையால் வந்து, அப்பாவுக்கு என்ன விருப்பம் என்று என்னிடம் கேட்டுக் கேட்டுச் சமைத்தான். அப்பாவுக்கு மீன் பொரியல் விருப்பம். அந்த ஊரில் மீனுக்கா பஞ்சம்? கட்டிலுக்கு நடுவில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் படைத்தான். மரியதாஸ் மன்னாரான், வேதக்காரன். அவன் தன் பாட்டில் ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைத்தான். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. குணம் என் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருந்தான். அன்று முதல் பக்டரியில் நாங்கள் அண்ணன் தம்பி.

3

பிறகு குணம் சாந்தியைக் கலியாணம் முடித்துச் சுவிஸுக்குப் போனான். அங்கே மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹொட்டேல் குசினியில் சமையல் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைப்போம். அவனுக்கு ஒரே ஒரு மகன், நிரூசன். ஐந்து வயதில் ஒரு தரம் ஒஸ்லோவுக்குக் கூட்டிவந்தார்கள். என் பஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்று நின்றான். தொப்பி அவன் கண்ணை மறைத்தது. அதோடுதான் படுத்தான்.

அந்தப் பிள்ளை பத்தொன்பது வயதில் மோட்டார் சைக்கிளில் போகும்போது விபத்தில் இறந்துபோனான். இது நடந்து ஒன்பது வருஷம். சிவாதான் எனக்குச் சொன்னான். "நானும் மரியதாசும் நாளைக்குப் பிளேனில போறம். உனக்கும் போடட்டே?" என்று கேட்டான்.

தர்சிகாவின் கலியாணத்துக்கு அப்போது ஐந்து நாள் இருந்தது. தாலிக்குப் பொன்னுருக்கியாயிற்று. பலகாரம் சுட்டு, டப்பாக்களில் போட்டு, படுக்கையறையில் அடுக்கியிருந்தது. என் மனைவி பவானி கதவில் நின்றுகொண்டு, "பொன்னுருக்கினாப் பிறகு செத்த வீட்டை போறதோ? பெத்த பிள்ளையின்ர காரியம். ஒரு துடக்கும் படாமல் நடக்கவேணும்" என்றாள். ரொறன்ரோவிலிருந்து அக்கா எடுத்து, "போனும் எடுக்காதை. அழுகைச் சத்தம் கேக்கிறதும் நல்லதில்லை. முடியட்டும், பிறகு ஆறுதலாக் கதை" என்றார்.

பெண்களின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது வசதியாக இருந்தது. குணம் அழுவதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, என்ற ஒரு சொல் கிடைத்தது, அதற்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டேன். ஏற்கனவே குணத்துக்குக் கலியாணக் காட் அனுப்பியிருந்தேன். அது அவன் வீட்டுக்கு, செத்த வீடு நடந்துகொண்டிருக்கும்போது போய்ச் சேர்ந்தது என்று பிறகு அறிந்தேன்.

கலியாணம் நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் நல்ல கலியாணம் என்றார்கள். நாலாம் சடங்கு முடிய எடுப்போம் என்று இருந்தேன். முடிந்த பிறகு, ஒரு கிழமை பிந்தி என்ன சொல்லி எடுப்பது என்று கூசினேன். முப்பத்தோராம் நாள் வந்தது, போனது. ஒரு வருஷம் போனது. பிந்தினால் கூச்சம் வரும், கூச்சம் வந்தால் இன்னும் பிந்தும். இப்படியே எட்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் பவானி தொலைக்காட்சியைச் சத்தமாகப் போடப் பழகிக்கொண்டாள்.

தர்சிகாவின் கலியாணம் நாலு வருஷம் நின்றது. பிறகு ஒரு நாள் வந்து, "அப்பா, செப்பரஷ்யோனுக்கு விண்ணப்பிச்சிட்டன்" என்றாள். பிரிந்து வாழ அனுமதி கேட்கிற விண்ணப்பம். வீட்டிலிருந்தே கணினியில் நிரப்பினாளாம், பத்து நிமிஷம் பிடித்ததாம். அந்தக் கலியாணத்துக்கு நாள் பார்க்க மட்டும் நாங்கள் மூன்று சாத்திரிமாரிடம் கேட்டோம். ஆறு மாதம் மண்டபத்துக்கு அலைந்தோம். ஒரு சிநேகிதனைக் கைவிட்டோம். எல்லாவற்றையும் அரசாங்கத்தின் ஒரு படிவம் நாலு கட்டத்தில் கேட்டு முடித்துவிட்டது. காரணம் என்ன என்று கூட அதில் கேட்கவில்லையாம்.

நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. கோயிலில் கேட்டால், மருமகன் ட்ரொண்ட்ஹைமில் வேலை என்று பவானி சொல்லுவாள். சிவாவுக்கும் மரியதாஸுக்கும் மட்டும் தெரியும்.

4

போன வருஷம் சிவா, மரியதாஸ், நான், மூன்று பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. சிவா ஒஸ்லோவிலேயே ட்வெய்ட்டாவில் இருக்கிறான், வாய் ஓயாத ஆள். "வாழ்நாள் முழுக்க மற்றவையை ஏத்தி இறக்கினது காணும். பூபில் எடுத்துக்கொண்டு அல்ப்ஸுக்குப் போவமடா" என்றான். பூபில் என்றால் கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் உள்ளே இருக்கிற வாகன வீடு. நோர்வேக்காரர் ஓய்வெடுத்தால் முதல் செய்வது இதுதான். நாங்களும் நோர்வேக்காரர்தானே, கடவுச்சீட்டில்.

வாடகைக்குத் தந்த இடத்தில் ஒரு இளம்பெண் இரண்டு மணித்தியாலம் விளக்கினாள். சிவா "யா, யா" என்று தலையாட்டிக்கொண்டேயிருந்தான். அவனுக்கு விளங்கியது என்று நான் இருந்தேன், எனக்கு விளங்கியது என்று அவன் இருந்தான். டென்மார்க்கில் இரண்டாம் நாள் கக்கூசுத் தொட்டி நிரம்பிவிட்டது. அதை எந்தப் பக்கத்தால் கழற்றுவதென்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. சிவா தன் மூத்த மகனுக்கு வீடியோவில் எடுத்தான். "பாப்பா, நை, அது இல்லை... இக்கெ டென்... மற்றது" என்று அந்தப் பிள்ளை பாதி நோர்வேஜியனில் சொல்லச் சொல்ல, நாங்கள் குனிந்து குனிந்து தேடினோம். அவன் கோபிக்கவில்லை. அவ்வளவு பொறுமையாகச் சொன்னான். முதியோர் இல்லத்தில் தாதிமார் கதைக்கிற பொறுமை அது. தொட்டியைக் கழற்றிய பிறகு சிவா கையைத் திரும்பத் திரும்பக் கழுவினான்.

ஆஸ்திரியாவில் பொலிஸ் மறித்து வாகனத்தை நிறுத்துப் பார்த்தார்கள். பாரம் கூட. எப்படிக் கூடாமல் இருக்கும்? அல்ப்ஸுக்குப் போகிறோம் என்று கேள்விப்பட்டதும் ஒஸ்லோவில் தெரிந்த சனம் முழுக்கப் பார்சல் கொண்டுவந்து தந்துவிட்டது. ஹம்பேர்க்கில் தங்கச்சிக்குத் தூள், ஸ்ருட்காட்டில் மருமகளுக்குச் சீலை, சூரிச்சில் பெரியம்மாவின் மகனுக்குக் கருவாடு. அதற்கு மேல் சிவா இரண்டு மூட்டை அரிசியும் ஒரு பெட்டி தேங்காயும் ஏற்றியிருந்தான். "சுவிஸில அரிசி இல்லையோ?" என்று கேட்டால், "இருக்கும், எண்டாலும்" என்றான். தண்ணீர்த் தாங்கியைத் திறந்துவிட்டு, ஒரு மூட்டை அரிசியைப் பக்கத்து ஊர்த் துருக்கிக் கடைக்காரரிடம் சும்மா கொடுத்தோம். அரை நாள் போய்விட்டது. சிவா பல்லைக் கடித்தான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

ஏனென்றால் எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை, ஆனால் வரைபடத்தில் எங்கள் பாதை குணத்தின் ஊருக்குப் பதினாலு கிலோமீற்றர் பக்கத்தால் போனது. நான் பஸ் ஓட்டுகிறவன், வரைபடம் பார்க்கத் தெரியாதவனா? மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் ஒன்றுமில்லை. பனி மூடிய சிகரங்களைக் காட்டி, "என்னடாப்பா வடிவு!" என்று சிவா படம் எடுத்தான். எனக்கு ஒரு வடிவும் தெரியவில்லை.

மேலே ஒரு தரிப்பிடத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது சிவா சொன்னான்: "நாளைக்கு மத்தியானம் வாறமெண்டு குணத்துக்குச் சொல்லிப்போட்டன்."

"நானும் வாறனெண்டு சொன்னனியோ?"

"சொன்னனான்."

"என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லேல்லை. வரட்டும் எண்டான்."

மரியதாஸ் கோப்பையைக் கழுவிக்கொண்டு, "இந்த முறையும் போகாட்டி இனி நீ போகமாட்டாய். நாங்கள் என்ன இன்னும் முப்பது வருசமோ இருக்கப்போறம்?" என்றான். அவன் நாளுக்கு நாலு வசனம்தான் கதைப்பான். அதில் இரண்டை எனக்காகச் செலவழித்தான்.

அடுத்த நாள் காலை அந்தத் தரிப்பிடத்திலேயே வாகன வீட்டு அடுப்பை மூட்டினேன். செத்த வீட்டில் உலை வைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அது எங்கள் வழக்கம். எட்டு வருஷம் பிந்தினாலும் வெறுங்கையோடு அந்தப் படியில் ஏற எனக்குக் கால் வராது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். ஒஸ்லோவிலிருந்து உறைய வைத்துக் கொண்டுவந்த மீனைப் பொரித்தேன். புகை எச்சரிக்கை மணி மூன்று தரம் கத்தியது. மரியதாஸ் துவாயால் விசிறினான்.

"அந்தப் பெடிக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டான்.

நான் யோசித்துப் பார்த்தேன். தொப்பி விருப்பம் என்று தெரியும். சாப்பாட்டில் என்ன விருப்பம் என்று தெரியாது. என் அப்பாவுக்கு என்ன விருப்பம் என்று குணம் கேட்டுக் கேட்டுச் சமைத்தான். அவன் மகனுக்கு என்ன விருப்பம் என்று எனக்குத் தெரியாது.

5

மூன்றாம் மாடி. சாந்திதான் கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. சுவரில் நிரூசனின் படம். அதற்குக் கீழே ஒரு சின்ன மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஐந்து வயது முகத்தை அந்தப் பெரிய பெடியனின் முகத்துக்குள் தேடினேன்.

குணம் குசினி வேலை உடுப்போடு வந்தான். சிவாவைப் பார்த்து, "என்னடா தொந்தி வைச்சிட்டாய்" என்றான். மரியதாஸின் தோளில் தட்டினான். என்னைப் பார்த்து, "வாங்கோ. இருங்கோ" என்றான்.

நாங்கள் ஒரு நாளும் நீங்கள் போட்டுக் கதைத்தவர்கள் இல்லை. கெட்ட வார்த்தையால் ஏசியிருந்தால் இவ்வளவு நொந்திருக்காது.

சோற்றுப் பானையை மேசையில் வைத்தேன். "செத்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தனான்" என்றேன். சாந்தி அதைப் பார்த்துவிட்டு விறுவிறென்று அறைக்குள் போனாள். நான்தான் கிடந்து உளறினேன். "நீதான் குணம் அண்டைக்குச் சொன்னனீ, செய்தி வந்த நாளிலயிருந்து எண்ணவேணும் எண்டு. நான் இண்டைக்குத்தான்..."

"அண்டைக்குப் பிந்தினது கடிதம்" என்றான் குணம். "இஞ்சை பிந்தினது நீங்கள்."

பிறகு கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தான். "பொன்னுருக்கின வீடு, வரமாட்டியள் எண்டு எனக்குத் தெரியாதே? நானும் சைவக்காரன்தானே. வரேல்லை எண்டு நான் கோவிக்கேல்லை. ஆனா பெட்டியை மூடுற வரைக்கும் போனைக் கையிலயே வைச்சிருந்தனான். சாந்தியைக் கேட்டுப்பாருங்கோ. போனுக்குமோ துடக்கு?"

"பிழைதான் குணம்" என்றேன். விக்கி விக்கி அழுதேன். அறுபது தாண்டிய மனிதன், அடுத்தவன் வீட்டில், எட்டு வருஷம் பிந்தி. சிவா யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். குணம் எழும்பி வந்து என் முதுகைத் தடவவில்லை. ஆனால் எழும்பிப் போகவும் இல்லை.

கனநேரத்துக்குப் பிறகு சாந்தி வந்தாள், முகம் கழுவியிருந்தாள். ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் போட்டு மகனின் படத்துக்கு முன்னால் வைத்தாள். "மீன் தொடமாட்டான். கத்தரிக்காய் எண்டா உயிர்" என்றாள், என்னைப் பார்க்காமல். எனக்குத்தான் சொன்னாள். பிறகு எல்லோருக்கும் பரிமாறினாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குணத்தின் குரல் மாறியது. சோற்றைப் பார்த்துக்கொண்டே கதைத்தான்.

"முதல் ஒரு வருசம் உன்ர பேரைக் கேட்டாலே எனக்குப் பத்தும். பிறகு ஒரு நாள் யோசிச்சன். என்ர பிள்ளை போட்டான், அது போனதுதான். அவன்ர சாவால உன்ர பிள்ளையின்ர நல்ல காரியத்துக்கு ஒரு குறை வந்திருந்தா, அந்தப் பழி அவனுக்கெல்லோ சேரும்? அப்பிடி ஒண்டும் வரேல்லை. நீ வராமல் விட்டதால அவள் நல்லாயிருக்கிறாள். அப்பிடி நினைச்சுத்தான் மனசை ஆத்தினனான்." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "நல்லாத்தானே இருக்கிறாள்?"

சிவா சோறு பிசைவதை நிறுத்தினான்.

"ஓம்" என்றேன். "நல்லாயிருக்கிறாள்."

"அது போதும்" என்றான் குணம். என் கோப்பையில் இன்னும் ஒரு துண்டு மீன் வைத்தான்.

செத்த வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது போட்டு வாறன் என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழும்பி வர வேண்டும். நானும் சொல்லாமல் வந்தேன். ஆனால் வழக்கத்துக்காக என்று சொன்னால் அதுவும் பொய். இரண்டாம் தரம் அந்த முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. கீழே வந்து வாகனத்தின் கதவைத் திறக்கும்போது மேலே பல்கனியிலிருந்து குணம் கத்தினான்: "அடுத்த முறை பிள்ளையையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு வாடா!"

எட்டு வருஷத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து எனக்கு ஒரு 'டா' கிடைத்தது.

பள்ளத்தாக்கைத் தாண்டும் வரைக்கும் சிவா பொறுத்திருந்தான். பிறகு, "நீயெல்லாம் ஒரு மனிசனோ? அந்த மனிசனுக்கு முன்னால இருந்துகொண்டு எப்பிடியடா வாய் வந்தது?" என்று வெடித்தான்.

"உண்மையைச் சொல்லியிருந்தா அவன் எதைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறது?" என்று கேட்டான் மரியதாஸ்.

இரண்டு பேரும் மலை இறங்கும் வரைக்கும் பிடுங்குப்பட்டார்கள். நான் இரண்டாம் கியரில், பிரேக் சூடாகாமல், வளைவுகளைப் பார்த்து இறக்கினேன். மிச்சம் பார்க்க இருந்த மலைகளைப் பார்க்காமல் மூன்று நாளில் ஒஸ்லோவுக்குத் திரும்பிவிட்டோம். கருவாட்டுப் பார்சல் சூரிச்சுக்குப் போகவேயில்லை. பெரியம்மாவின் மகன் இன்றைக்கும் சிவாவைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

6

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குணம் எடுக்கிறான், நான் எடுக்கிறேன். பதினொரு மாதமாக. முதுகு நோவு, ஓய்வூதியக் காகிதங்கள், சாந்தியின் சீனி வருத்தம், எல்லாம் கதைப்போம். அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அவன், "பிள்ளை எப்பிடி?" என்று கேட்பான். அந்தக் கேள்வி வருமட்டும்தான் சந்தோஷம்.

நேற்று வேலை முடிந்து நேரே தர்சிகாவின் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு நான் அதுவரை சொல்லியிருக்கவேயில்லை. கலியாணப் பிள்ளையின் காதில் சாவுச் செய்தி விழக் கூடாது என்று அன்றைக்கு மறைத்தோம். பிறகு மறைத்தது மறைத்தபடியே இருந்துவிட்டது.

"ஆர், அந்த பஸ் தொப்பி போட்ட சின்னப் பெடியனா?" என்று கேட்டாள். "ஹேர்ரெகுட், கடவுளே, அப்பா! அவன் செத்த கிழமையா எனக்குக் கலியாணம்? அதுக்காகவா நீங்கள் போகேல்லை?"

"உனக்கு நல்லா அமையவேணும் எண்டுதான் பிள்ளை."

"ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லையே! கேட்டிருந்தா, போங்கோ அப்பா எண்டுதானே சொல்லியிருப்பன்." எழும்பிப் போய் யன்னலடியில் நின்றாள். "இப்பவும் என்னட்டைக் கேக்காமல்தானே பொய் சொல்லியிருக்கிறியள். நான் ஸ்கில்ட், அப்பா. விவாகரத்து. அவ்வளவுதான். நான் ஒண்டும் செத்துப்போகேல்லை, ஒளிச்சு வைக்கிறதுக்கு."

நான் எழும்பிச் சப்பாத்தைப் போட்டேன். வெளிக்கிடும்போது சொன்னாள்: "அவை வரேக்கை நான் வருவன். தனியத்தான் வருவன். அதுக்கு முதல் நீங்கள் சொல்லுங்கோ."

இன்று எனக்கு ஓய்வு நாள். பவானி கோயிலுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்கலாம், நேரில் வரும்போது ஆறுதலாகச் சொல்லலாம் என்று மனது பழையபடி சாட்டுத் தேடியது. முடியட்டும், பிறகு கதைக்கலாம். இதே கதையைத்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னாலும் சொன்னது. போனுக்குத் துடக்கில்லை என்று எனக்குச் சொல்லித் தந்தவன் அவன். எடுத்தேன்.

அவன் வேலையில் நின்றான். பின்னால் புகை இழுக்கிற மெஷினின் இரைச்சல். "என்னடா இந்த நேரத்தில? சேட் அளவு கேட்டனியோ?"

"குணம், அவளுக்கு இப்ப புருசன் இல்லை. விட்டுப் பிரிஞ்சு அஞ்சு வருசம். அண்டைக்கு உன்ர வீட்டில நான் சொன்னது பொய்."

யாரோ ஜேர்மனில் அவனைக் கூப்பிட்டார்கள். ஒரு கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது, இரைச்சல் நின்றது. வெளியே வந்துவிட்டான் போல. அவன் மூச்சு மட்டும் கேட்டது. ஏசப்போகிறான், போனை வெட்டப்போகிறான் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. அவ்வளவு மெதுவாக, தனக்குத்தானே ஒன்பது வருஷக் கணக்குப் பார்க்கிறவன் மாதிரிக் கேட்டான்.

"அப்ப நீ வந்திருக்கலாமேடா?"

"ஓம்" என்றேன்.